ஆட்டோ கட்டணத்துக்கு ஏன் அகவிலைப்படி இல்லை?

சென்னை,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாம்பலம் ரயில் நிலைய வாசலிலிருந்து கே.கே. நகருக்கு, நான்கு கிலோமீட்டர்கூடத் தேறாத தூரத்துக்கு, 150 ரூபாய் கேட்டார்கள் என்றும், "மீட்டர் போடுப்பா" என்று சொன்னதற்கு "பெட்ரோல் விக்கிற விலைக்கு மீட்டரா?" என்று பதில் வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். "விலைவாசி எல்லோருக்கும்தானே ஏறுகிறது? ஓய்வூதியத்தில் வாழும் நான் யாரிடம் போய் மூன்று மடங்கு கேட்பது?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சென்னையில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். நீங்கள் போன தூரத்தை நான்கு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 52 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் கோபத்தில் தவறே இல்லை. ஆனால் இந்தக் கட்டணம் எப்போது வந்தது தெரியுமா? 2013 ஆகஸ்ட் 25 அன்று. அப்போது சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 ஏப்ரலில் 101 ரூபாய்க்கு அருகில் நின்றது. நடுவில், 2022 ஏப்ரலில், 110 ரூபாய் 85 காசு வரை போய் வந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெட்ரோல் விலை எத்தனை நூறு முறை மாறியது என்பது பங்க்காரருக்கே நினைவிருக்காது. ஆட்டோ கட்டணம் ஒரு முறைகூட மாறவில்லை.

சைதாப்பேட்டையில் வாடகை வண்டி ஓட்டும் ஒருவரிடம் போன வாரம் பேசிக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் நாலு வரி: பெட்ரோல், வண்டி வாடகை, டீ சாப்பாடு, வீட்டுக்கு. வீட்டுக்கு என்ற வரி கடைசியில் இருக்கிறது. மற்ற மூன்றும் போக மிஞ்சியதுதான் அது. சில நாட்களில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். பெட்ரோல் வரியில் ஒரே தொகை இல்லை. 200, 150, 100 என்று துண்டு துண்டாக இருக்கிறது. "மொத்தமா போட்டுடலாமே?" என்று கேட்டேன். "சவாரி வந்தாதானே சார் காசு? அதுவும் இல்லாம, ராத்திரி வண்டிய ஓனர்கிட்ட விடுறப்ப டேங்க்ல பெட்ரோல் இருந்தா அது அடுத்த ஷிஃப்ட்காரனுக்குப் போயிடும். எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் போடணும்" என்றார். அதனால்தான் ரிசர்வுக்கு வந்த வண்டியோடு பயணியையும் ஏற்றிக்கொண்டு பங்க்குக்குள் நுழைகிறார்கள். நமக்கு எரிச்சலாக இருக்கிறது. அவர் நம்மிடம் வாங்கப்போகும் பணத்தை நம்பித்தான் அந்த நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறார்.

அவருடைய ஓட்டத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால், கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் பெட்ரோல். 2013 விலையில் இது 360 ரூபாய். 2025 விலையில் 485 ரூபாய். ஒரு நாளைக்கு 125 ரூபாய் கூடுதல். மாதத்தில் 26 நாள் ஓட்டினால் 3,250 ரூபாய். அந்த 120 கிலோமீட்டர் முழுவதும் வண்டியில் ஆள் இருப்பதில்லை. இறக்கிவிட்ட இடத்திலிருந்து அடுத்த சவாரி கிடைக்கும்வரை வண்டி காலியாகத்தான் ஓடுகிறது. பெட்ரோல் காலி வண்டிக்கும் செலவாகும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் 52 ரூபாய் சவாரி 150 ரூபாய் ஆகாது. ஓடும் கிலோமீட்டருக்கு எரிபொருள் செலவு மூன்று ரூபாயிலிருந்து நான்கு ரூபாய் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மீதி எங்கிருந்து வருகிறது? வண்டி வாடகை, இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, டயர், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், காய்கறி. அவற்றில் பலவும் லாரியில் ஏறி டீசலில் வந்து சேர்பவை. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி சமையல் கேஸ் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்களே, அது அவர் வீட்டு அடுப்புக்கும் சேர்த்துத்தான். இவ்வளவையும் சேர்த்துத்தான் அவர் "பெட்ரோல்" என்று ஒரே சொல்லில் சொல்கிறார். அதற்காக 150 ரூபாய் சரியென்று நான் சொல்லவில்லை. அது சரியில்லை. ஆனால் சட்டப்படியான கட்டணம் பிழைப்புக்கு ஒத்துவராமல் போனால், அந்த இடத்தில் பேரம் வந்து உட்கார்ந்துவிடும். பேரத்தில் யாருக்கு அவசரமோ அவர் தோற்பார். மழையில் நின்றால் நீங்கள் தோற்பீர்கள். மத்தியானம் வெறும் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தவர் வேறொரு பயணியிடம் தோற்பார்.

நீங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி சேர்ந்து வருகிறது. விலைவாசிக் குறியீடு ஏறும்போது அதுவும் ஏறுகிறது; அறிவிப்பு தாமதமானால்கூட நிலுவையைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அது போதுமா என்பது வேறு கேள்வி, போதாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விலை ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்ற விதி உங்கள் விஷயத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநருக்கு அந்த விதி கிடையாது. எரிபொருளின் விலையை நாள்தோறும் ஒருவர் நிர்ணயிக்கிறார். கட்டணத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை இன்னொருவர் நிர்ணயிக்கிறார். செயலி வழியாக ஓட்டினால் மூன்றாவதாக ஒருவர் வந்து நிமிடத்துக்கு ஒரு விலை வைக்கிறார். வண்டியை ஓட்டுபவர் எதையும் நிர்ணயிக்க முடியாது.

இந்த "நாள்தோறும்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது. டீசலுக்கு 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் காலை ஆறு மணிக்குப் புதிய விலை என்று ஏற்பாடு செய்தார்கள். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், அந்தந்த நாளின் பலன் அந்தந்த நாளே மக்களுக்கு வரும் என்றார்கள். நடந்தது என்ன? 2020 ஏப்ரலில் ஊரடங்கில் உலகமே நின்றபோது கச்சா எண்ணெய் விலை படுத்துவிட்டது. பங்க்கில் விலை குறையவில்லை. மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை உயர்த்தி, இறங்கிய விலையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. 2014இல் ஒரு லிட்டர் பெட்ரோல்மீது 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய வரி, இடையில் பல முறை ஏறி, அந்த உயர்வோடு 32 ரூபாய் 98 காசு ஆனது. தில்லியில் அந்த மாதம் 71 ரூபாய் 26 காசுக்கு விற்ற பெட்ரோலில் 49 ரூபாய் 42 காசு மத்திய, மாநில வரி. ஆட்டோ ஓடாமல், அரிசிக்கு ரேஷன் கடையை நம்பியிருந்த மாதங்கள் அவை.

ஏறும் நேரத்தில் விதி சரியாக வேலை செய்தது. 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை பதினாறு நாட்களில் பதினான்கு முறை ஏற்றி, லிட்டருக்கு 10 ரூபாய் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய நான்கரை மாதம், ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, விலை ஒரு காசுகூட அசையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நம் மாநிலத் தேர்தலின்போதும் இப்படித்தான்: மே 2 அன்று முடிவு வந்தது, மே 4 அன்று விலை ஏறத் தொடங்கியது. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதன்பின் கச்சா எண்ணெய் இறங்கியபோது எண்ணெய் நிறுவனங்கள் விலையைக் குறைக்க 2024 மார்ச் வரை காத்திருந்தன. அப்போதும் இரண்டு ரூபாய்தான். 2022இல் நஷ்டம் பட்டோம், அதை ஈடுகட்டுகிறோம் என்றார்கள். 2023-24 நிதியாண்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து காட்டிய லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய். ஈடுகட்டுவதற்கு ஒரு எல்லை இருக்க வேண்டாமா? 2025 ஏப்ரலிலும் அதேதான். கச்சா எண்ணெய் சரிந்தது. மத்திய அரசு லிட்டருக்கு 2 ரூபாய் வரியை உயர்த்தியது. பங்க்கில் விலை மாறாது, கவலைப்படாதீர்கள் என்றார்கள். குறைந்திருக்க வேண்டிய விலை குறையவில்லை என்பதுதான் அதன் பொருள்.

மாநில அரசையும் விட்டுவிட முடியாது. 2020 மே மாதம் தமிழ்நாடு அரசும் மதிப்புக்கூட்டு வரி முறையை மாற்றி, பெட்ரோலுக்கு மூன்றே கால் ரூபாயும் டீசலுக்கு இரண்டரை ரூபாயும் ஏற்றியது. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கும் சொன்னார்கள். டீசல் வாக்குறுதி நிறைவேறவில்லை. மாநிலத்துக்கென்று ஒரு நியாயம் உண்டு: 2021இல் மத்திய அரசு வசூலித்த 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டவை. அது அநியாயம்தான். ஆனால் இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்க, இரண்டின் வரியையும் சேர்த்துக் கட்டுகிறவர் பங்க்கில் நிற்கிறார். ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரலாமா என்ற பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் வந்தது. இப்போது வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் முடித்துவிட்டார்கள். அந்த ஒற்றுமை வேறெதிலும் வருவதில்லை என்பது வருத்தம்.

நீங்கள் ஆட்டோவைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனாலும் லாரியைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அங்கே இது பணத்தோடு நிற்பதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துத் தாங்களே ஓட்டுகிறவர்கள் நிறைய. நாமக்கல்லிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் 600 லிட்டர் டீசல். சென்னை விலையையே அளவாக வைத்துப் பார்ப்போம்: 2020 ஏப்ரலில் 65 ரூபாய் 71 காசு, 2022 ஏப்ரலில் 100 ரூபாய் 94 காசு. ஒரு பக்கப் பயணத்துக்கு மட்டும் 21,000 ரூபாய் கூடியது. பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே டீசல் ஏறினால் வாடகை ஏறும் என்று எழுதி வாங்கிவிடுகின்றன. புக்கிங் ஆபீசில் போய் லோடு கேட்கும் ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை. "இந்த வாடகைக்கு ஏத்துறியா, இல்ல அடுத்த வண்டிக்குச் சொல்லவா?" என்பதுதான் அங்கே ஒப்பந்தம். ரிட்டன் லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்றால் எந்த வாடகைக்கும் ஏற்ற வேண்டியதுதான். வண்டிக் கடனின் டியூ தேதி காத்திருக்காது. டோல் கட்டணம் ஆண்டுதோறும் தவறாமல் ஏறுகிறது. வாடகை மட்டும் ஏறாத நிலையில் எதை வெட்டுவார்கள்? முதலில் கிளீனரை நிறுத்தினார்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டிய தூரத்தை இன்று பல வண்டிகளில் ஒரே டிரைவர் ஓட்டுகிறார். அடுத்து டிரைவர் படி. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்து, அதற்குமேல் ஆன டீசலை டிரைவர் படியில் பிடிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

இதன் விளைவைத் தொப்பூரில் பார்க்கலாம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் அந்தக் கணவாய் இறக்கம் நீளமானது. டீசல் மிச்சம் பிடிக்க, சில டிரைவர்கள் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்குகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். பல டன் எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். டிரம் சூடேறி, கீழே வளைவுக்கு வரும்போது பிரேக் பிடிக்காது. நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது; விபத்துகளும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. லாரி டிரைவர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: புது பி.எஸ். 6 இன்ஜின்களில், கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகிறது. மிச்சமே ஆகாத ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? எரிபொருள் விலை குறைய வேண்டும் என்று கேட்பது நியாயம், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஓட்டுநரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, கட்டணத்தை எரிபொருள் விலையோடு கட்டிப்போடுவது. பெட்ரோல், எல்.பி.ஜி., சி.என்.ஜி. விலை இவ்வளவு மாறினால் கட்டணம் இவ்வளவு மாறும் என்று ஒரு சூத்திரம்; ஆண்டுக்கு ஒருமுறை தானாக நடக்கும் திருத்தம். விலை இறங்கினால் கட்டணமும் இறங்கட்டும், பயணிக்கும் அது பாதுகாப்பு. ஆட்டோ கட்டணத்துக்கு ஓர் அகவிலைப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்காத காரியமல்ல. மும்பையில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஆட்டோ கட்டணம் 26 ரூபாய் ஆனது; அதற்கு முன் 2022இலும் திருத்தினார்கள். பெங்களூரில் 2021 டிசம்பரிலும், கேரளத்தில் 2022 மே மாதத்திலும் 30 ரூபாய் ஆக்கினார்கள். ஆந்திரத்தில் 2019 முதல் சொந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு எஃப்.சி., இன்சூரன்ஸ் செலவுக்கென்று ஆண்டுக்கு 10,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள். நம் மாநிலத்திலேயே மீன்பிடிப் படகுகளுக்கு வரி விலக்குடன் டீசல் அளந்து கொடுக்கிறோம். தொழிலுக்கான எரிபொருளை வேறாகப் பார்க்கலாம் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2022இல் எரிபொருள் விலைக்கேற்பக் கட்டணத்தை மாற்றியமைப்பது பற்றி அரசிடம் சொன்னது. எதுவும் நடக்காமல்தான், 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே குறைந்தபட்சம் 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. சரி, ஏற்க வேண்டாம். மாற்றாக ஒரு கட்டணத்தை அரசே அறிவிக்க வேண்டும் அல்லவா?

அப்படி ஒரு நியாயமான கட்டணம் வந்த மறுநாளே, மீட்டர் போடாத வண்டியில் ஏற வேண்டாம் என்று நானே எழுதுவேன். அபராதம் போடச் சொல்லுவேன். சைதாப்பேட்டை ஓட்டுநரிடம் இதைச் சொன்னபோது, "கரெக்டான ரேட்டு குடுத்துட்டு மீட்டர் போடலன்னா ஃபைன் போடட்டும் சார், நானே கட்டுறேன்" என்றார். எல்லா ஓட்டுநர்களும் அப்படிச் சொல்லமாட்டார்கள்; பேரத்தில் ருசி கண்டவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களிடமிருந்து நல்ல ஓட்டுநர்களைப் பிரித்துக் காட்டவும் நம்பத்தகுந்த ஒரு மீட்டர் கட்டணம்தான் வழி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்கு எழுதிய கடிதம் தெளிவாக இருந்தது: இடம், தூரம், கேட்ட தொகை, சொன்ன பதில், எல்லாம் இருந்தன. அதையே ஒரு பிரதி எடுத்து, 2013 கட்டணத்தை எப்போது திருத்தப்போகிறீர்கள், எரிபொருள் விலையோடு அதை எப்போது இணைக்கப்போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்து, போக்குவரத்துத் துறை அமைச்சருக்கும் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஆட்டோ சங்கங்கள் கேட்டால் அது அவர்களின் கோரிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பயணியே கேட்டால் ஒதுக்குவது கடினம். தேர்தலும் வரும். வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்